பிரைட்டன் கடற்கரையும் ஒரு வெண்குடையும்

கடற்கரைக்குச் செல்வதென்றால் நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று, அமாவாசையிலும் கிரகண காலத்திலும் ஸ்நானம் செய்து புண்ணியம் தேடுவது. மற்றொன்று, சாயங்கால வேளையில் மணலில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக்கொண்டு காற்று வாங்குவது. வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டின்படி சமுத்திரத்தில் போய் முழுகியவர்கள் நம்மிடையே அதிகம் இல்லை. இங்கிலாந்திலோ ஒரு பட்டணமே அவ்விதம் உண்டாயிற்று. அதன் பெயர் பிரைட்டன்.

இதை எழுதுகிற நாம் திருத்தணிவாசி. நமது ஊரில் கடல் இல்லை, மலை இருக்கிறது. 365 படிகளும், உச்சியில் தணிகைவேலன் சந்நிதியும், அடிவாரத்தில் சரவணப் பொய்கையும், கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லையும் இருக்கின்றன. பூக்கட்டுகிறவர், மொட்டையடிக்கிறவர், இட்டிலிக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோரும் யாத்திரிகர்களின் முகம் பார்த்துப் பிழைக்கிற ஊர் அது. ஆகையால் வந்துபோகிறவர்களை நம்பி வாழும் இன்னொரு ஊரைக் காணும்போது, ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடையை எட்டிப் பார்க்கிற ஆவலுடனேயே நாம் பார்க்கிறோம். பிரைட்டனையும் அப்படித்தான் பார்க்கப் போனோம். ஆனால் பார்த்து வந்தது வேறொன்று.

லண்டனில் உத்தியோகமாயிருக்கும் நமது மருமான் வீட்டில் கோடை விடுமுறையைக் கழிக்க நேர்ந்தது. மே மாதம். நமது ஊரில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, வெறுங்காலுடன் படியேறுகிறவர்கள் துள்ளித் துள்ளி ஏறுகிற காலம். அங்கேயோ கம்பளிச் சட்டையின்மேல் இன்னொரு கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடுகிறது. 1841-ஆம் வருஷத்தில் இந்த ரயில் பாதை வந்த பிறகே சாமானிய ஜனங்கள் அங்கே கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்களாம். அதற்கு முன் அது பிரபுக்களின் ஊர். அதற்கும் முன் மீன் பிடிக்கிறவர்களின் குப்பம்.

குப்பத்தைப் பட்டணமாக்கியவர் ஒரு டாக்டர். ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் வைத்தியர் 1750-இல் லத்தீன் பாஷையில் ஒரு நூல் எழுதினார். கடல் நீரில் குளித்தால் சுரப்பிகளைப் பற்றிய வியாதிகள் நீங்கும் என்றார். குளிப்பதோடு நில்லாமல் அந்த நீரைக் குடிக்கவும் சொன்னார்! சீமான்களும் சீமாட்டிகளும் வந்து குவிந்தார்கள். மரத்தால் செய்த சிறிய அறைகளுக்குச் சக்கரம் பொருத்தி, குதிரையைப் பூட்டிக் கடலுக்குள் இழுத்துச் செல்வார்கள். உள்ளே இருக்கும் சீமாட்டி உடை மாற்றிக்கொண்டு படியில் இறங்கியதும், தயாராக நிற்கும் ஒரு பலசாலியான ஸ்திரீ அவளைப் பிடித்து நீரில் அமுக்கி எடுப்பாள். நமது தீர்த்தக் கட்டங்களில் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து முழுக்காட்டுவதை நினைத்துக்கொண்டோம். சங்கல்ப மந்திரம் ஒன்றுதான் குறை.

1783-இல் அந்நாட்டு இளவரசர் வந்தார். பின்னால் நான்காம் ஜார்ஜ் என்று பட்டத்துக்கு வந்தவர் அவரே. அவருக்குப் பிறகு ஊருக்கு ஏற்பட்ட கீர்த்தி இன்றுவரை குறையவில்லை. 2000-ஆம் வருஷத்தில் பிரைட்டனையும் பக்கத்து ஹோவ் ஊரையும் சேர்த்து நகரம் என்ற அந்தஸ்தும் கொடுத்துவிட்டார்கள்.

கடற்கரையில் மணல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உருண்டைக் கூழாங்கற்கள். நடந்தால் காலுக்கடியில் அரைக்கிறாற்போல் சப்தம். கடலுக்குள் நீண்டு செல்லும் 1899-ஆம் வருஷத்து மரப்பாலத்தின்மேல் ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளுமாக ஒரே திருவிழாக் கோலம். சற்று மேற்கே, 1866-இல் கட்டிய இன்னொரு பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் தீப்பற்றி, இன்று கடலுக்குள் வெறும் இரும்புக்கூடாக நிற்கிறது. மருமான் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தந்தான். இரண்டாவது துண்டை வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஒரு கடற்பறவை அதைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. மலைப்படிகளில் தேங்காய் மூடியைப் பறிக்கிற குரங்குகளிடம் பழகிய நமக்கே அந்தப் பறவையின் சாமர்த்தியம் ஆச்சரியமாயிருந்தது.

இதே கடற்கரையில், இன்று ஒரு பெரிய ஹோட்டல் இருக்குமிடத்தில், இருநூறு வருஷங்களுக்கு முன் நம்மவர் ஒருவரின் ஸ்நானக் கட்டடம் இருந்தது. பாட்னாவில் 1759-இல் பிறந்த தீன் முகம்மது என்பவர் கம்பெனிப் பட்டாளத்தோடு திரிந்து, 1784-இல் அயர்லாந்து சென்று, அங்கே ஒரு பெண்ணை மணந்து, 1794-இல் தமது பிரயாணங்களை இங்கிலீஷில் புஸ்தகமாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் இங்கிலீஷில் எழுதி அச்சான முதல் புஸ்தகம் அதுவே என்பர். 1810-இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டு விடுதி வைத்து நஷ்டப்பட்டு, 1814-இல் பிரைட்டனுக்கு வந்து சேர்ந்தார். மூலிகை நீராவியில் உட்காரவைத்து உடம்பு பிடித்துவிடுவது அவர் கற்ற வித்தை. நாட்டில் யாரும் விசேஷமாக மதிக்காத அந்தக் காரியத்துக்கு அங்கே இரண்டு மன்னர்களின் நியமனம் கிடைத்தது. தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு என்று நாம் இன்று சொல்கிற வார்த்தைகூட, உடம்பு பிடித்தலைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து போனதுதான். 1851-இல் காலமான அவருடைய சமாதி அவ்வூர் மாதாகோயில் தோட்டத்தில் இருக்கிறது.

கடற்கரையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், அந்த இளவரசர் கட்டிய அரண்மனை. அதைப் பார்த்ததும் நாம் திகைத்து நின்றோம். வெங்காயம் போன்ற குமிழ் ஸ்தூபிகள், மினார்கள், சல்லடைக் கல்வேலைப்பாடுகள் எல்லாம் கூடி டில்லியையும் லக்னோவையும் யாரோ கனவில் கண்டு கட்டினாற்போல் இருக்கிறது. உண்மையும் ஏறக்குறைய அதுவே. 1815 முதல் 1822 வரை இதைக் கட்டிய ஜான் நாஷ் என்னும் சிற்பி இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். சித்திரப் புஸ்தகங்களைப் பார்த்துக் கட்டினார். வெளியே இந்தியா, உள்ளே நுழைந்தாலோ சீனா! டிராகன்கள் வாய் பிளந்து விளக்குகளைத் தாங்குகின்றன. விக்டோரியா ராணிக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. 1850-இல் நகரசபைக்கு 53,000 பவுனுக்கு விற்றுவிட்டார்கள்.

இந்த வேடிக்கை மாளிகைக்குள்தான் நமது கட்டுரையின் விஷயம் தொடங்குகிறது.

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிற்று என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமல்லவா? அதே வாரத்தில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸ் தேசத்தில் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபிகள், கடுவாலிகள், கூர்க்காக்கள், பட்டாணியர் எனப் பலர்; அவர்களில் மாதம் பதினோரு ரூபாய்ச் சம்பளக்காரர்களே அதிகம். வெயில் காலத்து உடுப்புடன் வந்தவர்கள் பனியிலும் சேற்றிலும் அகழிக்குள் நின்றார்கள். காயம்பட்டவர்களை எங்கே வைத்துச் சிகிச்சை செய்வது என்ற கேள்வி எழுந்தபோது பிரைட்டன் நகரம் தன் அரண்மனையைத் திறந்து கொடுத்தது. அத்துடன் ஒரு பள்ளிக்கூடமும், ஏழைகள் விடுதியாயிருந்த ஒரு கட்டடமும் இந்திய ஆஸ்பத்திரிகளாயின.

1914 டிசம்பரில் முதல் சிப்பாய்கள் வந்தார்கள். இசையரங்கமாயிருந்த பெரிய வட்ட மண்டபத்தில், தொங்கும் விளக்குக் கொத்தின்கீழ் வரிசை வரிசையாகக் கட்டில்கள். அந்த மண்டபம் ஆதியில் இளவரசரின் குதிரை லாயம்! ஜாதி மத வித்தியாசத்தை அனுசரித்து ஒன்பது சமையலறைகள். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்கள். சீக்கியர்களுக்குத் தோட்டத்தில் கூடாரம் அடித்துப் பிரார்த்தனைத் தலம். நச்சுப்புகையின் நடுவே தோழர்களைத் தூக்கி வந்த மீர் தஸ்த் என்னும் ஜமேதாருக்கு, 1915 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தத் தோட்டத்திலேயே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விக்டோரியா கிராஸ் பதக்கத்தை அணிவித்தார்.

இதெல்லாம் மெச்சத்தக்கதே. ஆனால் பாதி உண்மையை மட்டும் மெச்சிவிட்டு வருவது உபாத்தியாயருக்கு அழகல்ல. மன்னர் தமது சொந்த மாளிகையையே காலி செய்து சிப்பாய்களுக்குக் கொடுத்தார் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவும்படி படங்களும் புஸ்தகங்களும் அச்சிட்டு அனுப்பினார்கள். மாளிகையோ அறுபது வருஷங்களுக்கு மேலாக நகரசபையின் சொத்து. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்துப் பார்த்தார்கள். அரண்மனை விளக்கின்கீழ் படுத்திருந்தாலும், தம் இஷ்டப்படி வெளியே சென்று வர அவர்களுக்குச் சுதந்திரம் இல்லை. உபசாரம் ராஜோபசாரம், காவல் சிறைக்காவல்.

குணமடைந்தவர்கள் பலர், குணமடையாதவர்களும் இருந்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்ற ஊரில் 1889-இல் கட்டப்பட்ட மசூதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். ஹிந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேரை, நகரத்துக்கு வடக்கேயுள்ள புல்மேட்டுக் குன்றின்மேல் கொண்டுபோய்ச் சிதையடுக்கி, அவரவர் முறைப்படி தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். சிகிச்சைக்கு வந்த அந்தச் சமுத்திரமே அவர்களுக்குக் கங்கையாயிற்று.

அந்தக் குன்றுக்குப் போகவேண்டும் என்றோம்.

"கடலைப் பார்க்க வந்துவிட்டு மலை ஏறுவானேன், மாமா?" என்றான் மருமான்.

"திருத்தணிக்காரனைப் பார்த்தா இந்தக் கேள்வி கேட்கிறாய்?" என்றோம். சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

பாச்சம் என்ற கிராமப்புறம் வரையில் பஸ். அதன்பிறகு கார்கள் பறக்கும் பெரிய சாலையைப் பாலத்தின்மேல் கடந்து, மேய்ச்சல் நிலத்தினூடே ஒற்றையடிப் பாதை. வழிகாட்டிகளும் இல்லை, கடைகளும் இல்லை, ஆடுகள்தாம் துணை. மேட்டில் ஏறினதும், பச்சைப் புல்லின் நடுவே எட்டுத் தூண்களின்மேல் கவிந்த ஒரு வெண்சலவைக்கல் குடை தெரிந்தது. 'சத்ரி' என்று அதற்குப் பெயர். குடை என்றுதான் அர்த்தம். தாஸ் குப்தா என்னும் இந்திய ராணுவ டாக்டர் 1915-லேயே நகரத் தலைவர் ஜான் ஆட்டரிடம் எடுத்துச் சொன்ன யோசனை அது. ஹென்ரிக்ஸ் என்னும் இளம் இந்தியச் சிற்பி படம் வரைந்து கொடுத்தார். சிசிலித் தீவிலிருந்து சலவைக்கல் வந்தது. சிதை மூட்டிய இடங்களை மூன்று பெரிய கருங்கற்கள் மூடியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் வெண்குடை என்றவுடன் சேர சோழ பாண்டியர் நினைவுதான் வரும். குடிகளுக்கெல்லாம் நிழல் தருவது அரசனின் வெண்கொற்றக்குடை. இங்கேயோ அரசர் எவரும் இல்லை. ஏர் பிடித்த கையால் துப்பாக்கி பிடித்த சாமானியர்களின் சாம்பலுக்குமேல் ஒரு குடை விரிந்திருக்கிறது. அவர்கள் உயிரோடிருந்தபோது அந்தக் குடை அவர்களுக்கு நிழல் தரவில்லையே என்று மனம் நொந்தது.

அப்பொழுது மருமான் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள்தானே? நம் சுதந்திரத்துக்காக அல்லவே? இவர்களை நாம் எதற்காகக் கும்பிட வேண்டும்?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பல காலமாகச் சொல்லாமல் விட்டுவைத்த கேள்வியும்கூட. கல்லின்மேல் உட்கார்ந்து நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.

அந்த யுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்தார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. யுத்தம் வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்நாளில் தேசத் தலைவர்களே, இந்தச் சமயத்தில் உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பினார்கள். மகாத்மா காந்தியே 1914-இல் லண்டனில் இந்தியத் தொண்டர் படை சேர்த்துக் காயமுற்றோருக்குப் பணிசெய்ய ஏற்பாடு செய்தார். 1918-இல் கேடா ஜில்லாவில் கால்நடையாகச் சென்று பட்டாளத்துக்கு ஆள் கேட்டார். கிடைத்த பரிசு என்ன? 1919-இல் ரௌலட் சட்டம். அதே வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலாபாக். இந்தச் சத்ரியை 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்து வைத்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர். அதே இளவரசர் அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் தேதி பம்பாயில் வந்து இறங்கியபோது தேசம் கடையடைத்து வரவேற்றது. செத்தவர்களுக்குச் சலவைக்கல், இருப்பவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு என்ற கணக்கை ஜனங்கள் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார்கள். அவ்விதம் புரிந்துகொள்வதற்கு இந்த 53 பேரின் சாம்பலும் ஒரு பாடம் அல்லவா?

நமது திருத்தணியிலும் அதே காலத்தில் ஒரு சிறு காரியம் நடந்தது. இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று துரைமார்களின் பங்களா வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்து நிற்பது அந்நாளைய உத்தியோகஸ்தர்களின் வழக்கம். துரைக்கெல்லாம் துரை தணிகைமலையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-ஆம் வருஷத்தில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார் என்று அடியார்கள் சொல்வார்கள். இன்றும் டிசம்பர் 31-ஆம் தேதி படிக்குப் படி தீபமேற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். ஒரு பக்கம் துரைக்காக உயிரைக் கொடுக்க நேர்ந்த ஏழைச் சிப்பாய். மறுபக்கம் துரை வாசலை விட்டுத் திரும்பக் கற்றுக்கொண்ட பக்தன். இருவரும் ஒரே அடிமைத்தனத்தின் கீழ் இருந்தவர்களே. ஒருவரைக் கொண்டாடி மற்றவரை மறப்பது சரியாகாது.

போர் என்பதற்குத் தமிழில் செரு என்றொரு பெயர் உண்டு. சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலால் செருத்தணி என்று நமது ஊருக்குப் பெயர் வந்தது என்பது ஐதீகம். ஆகையால்தான் கந்த சஷ்டியில் மற்ற தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை, மலர் அர்ச்சனைதான். வென்றவனுக்கே சினம் தணிய ஒரு குன்று வேண்டியிருந்ததென்றால், யாருக்காகவோ போரிட்டு மாண்டவர்களுக்கு வேண்டாமா? இதைத்தான் மருமானிடம் சொன்னோம். அவன் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த காட்டுப் பூக்களில் சிலவற்றைப் பொறுக்கி வந்து கல்லின்மேல் வைத்தான்.

சத்ரிக்கு அருகில் ஒரு கற்சுவரில் 53 பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். அது 2010 செப்டம்பர் மாதத்தில்தான் வைக்கப்பட்டது. சுமார் தொண்ணூறு வருஷகாலம் அவர்கள் பெயரில்லாமலே அந்தக் குன்றின்மேல் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தார் அங்கே பயிற்சி நடத்தியபோது சத்ரியின்மேல் குண்டுகள் பாய்ந்து சேதமாயிற்று. பிறகு பழுது பார்த்தார்கள். வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. 1951 முதல் அதை நடத்தி வந்த பழைய ராணுவத்தார் சங்கம் 1999-உடன் நிறுத்திக்கொண்டபோது, கைவிடாமல் எடுத்து நடத்தியவர் அவ்வூர் ஆசிரியர் ஒருவர் என்று அறிந்தோம். தொழில் அபிமானம் என்று நேயர்கள் நினைத்தாலும் சரி, அதைக் கேட்டு நமக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

சுவரிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தோம். வகுப்பில் ஆஜர் கூப்பிட்டுப் பழகிய நாக்கு. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் தானாகவே சற்று நிற்கிறது. பதில் சொல்ல யாரும் இல்லை. புல்லில் காற்று வீசிற்று. தூரத்தில் சமுத்திரம் வெள்ளித்தகடு போல் தெரிந்தது.

நம்மவர்கள் அந்நாட்டுக்குப் பல வழியாகப் போயிருக்கிறார்கள். தீன் முகம்மது வைத்தியம் செய்து பிழைக்கப் போனார். சிப்பாய்கள் பிறர் போரில் சாகப் போனார்கள். திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்து, அவர்களுக்குக் கீழ்நாட்டுத் தத்துவம் போதிக்கப் போனார். இன்று நம் பிள்ளைகள் படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் போகிறார்கள். முன்னால் போனவர்கள் தேய்த்த பாதையில்தான் பின்னால் போகிறவர்கள் நடக்கிறார்கள்.

பிள்ளைகளையோ பெண்களையோ பார்க்க இங்கிலாந்து செல்லும் பெற்றோர்கள் இப்போது அனேகம். லண்டன் கோபுரத்தையும் ராணியின் கிரீடத்தையும் பார்க்கிறார்கள், நன்றாகப் பார்க்கட்டும். ஆனால் ஒரு நாளை மட்டும் பிரைட்டனுக்கென்று ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். காலையில் கடற்கரை, மத்தியானம் அரண்மனை, சாயங்காலம் அந்தக் குன்று. ஏறுவதற்கு 365 படிகள் இல்லை. அரை மணி நேர நடைதான். குழந்தைகளைக் கட்டாயம் கூட அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கு ஒரு பூ கொடுங்கள். பெயர்களைப் படிக்கிற வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.